சங்கத் தேர்தல் அச்சு வேலைக்கு நம்பிப் போகக்கூடிய அச்சகம்

கஸ்தூரியார் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் இருக்கும் இந்த அச்சகத்தில்தான் எங்கள் தொழிற்சங்கத் தேர்தலின் அச்சு வேலை முழுவதும் நடந்தது. தேர்தல் அறிவித்தல், வேட்பாளர் பட்டியல், வாக்குச்சீட்டு ஆகியவை சங்கத்தின் கணக்கில். வேட்பாளர்களின் துண்டுப்பிரசுரங்கள் அவரவர் கணக்கில். இந்த இரண்டு கணக்குகளையும் கலக்காமல் வைத்திருந்ததற்காகவே இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நல்ல அச்சுக்குப் பஞ்சம் இல்லை. 1841இல் உதயதாரகை பத்திரிகை வெளிவந்த, 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த மண் இது. பணம் யாருடையது என்று கேட்டு, பதில் கிடைக்கும்வரை இயந்திரத்தை ஓட்டாத அச்சகம்தான் அரிது.

நான் இந்தமுறை தேர்தல் அலுவலராக இருந்தேன். எந்தப் பதவிக்கும் போட்டியிடவில்லை. எங்கள் சங்கத்தில் 400க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று பல இடங்களில் வேலை செய்கிறார்கள். ஒருவரை ஒருவர் நேரில் காண்பது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மட்டும்தான். ஆகவே கையில் கிடைக்கும் ஒரு தாள்தான் பலருக்கு வேட்பாளரை அறிமுகப்படுத்துகிறது. அந்தத் தாளை யார் காசில் அடித்தார்கள் என்பது எங்கள் சங்கத்தில் சின்ன விடயம் அல்ல.

முந்திய தேர்தலில் என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். பதவியில் இருந்தவர்களின் பிரசாரத் துண்டு சங்கத்தின் கடிதத்தாளில், சங்கத்தின் சின்னத்தோடு வந்தது. அதை அடித்தது வேறொரு அச்சகம். பற்றுச்சீட்டில் 'எழுதுபொருள்' என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எதிர்த்துப் போட்டியிட்ட பெண் தன் சம்பளத்தில் இருந்து போட்டோப்பிரதி எடுத்து, பஸ்ஸில் போய், கையால் கொடுத்தார். அவர் தோற்றார். தோற்றதை விடுங்கள். மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் கழிக்கப்பட்ட சந்தாவும் சேர்ந்துதான் அவரைத் தோற்கடிக்கக் கேட்ட அந்தத் தாளை அச்சிட்டது. கணக்காய்வில் அந்தப் பற்றுச்சீட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் யாப்பில் இரகசிய வாக்கெடுப்பு இருக்கிறது, பதவிக்காலம் இருக்கிறது, பிரசாரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இங்கே தொழிற்சங்கங்கள் 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன. பொது நிதியை எவற்றுக்குச் செலவிடலாம் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பவும் வேண்டும். ஆனால் தலைவர் தன் தேர்தலுக்காகச் சங்கத்தின் மோட்டார் சைக்கிளில் போகலாமா, செயலாளர் சங்கத்தின் தொலைபேசியில் வாக்குக் கேட்கலாமா என்பவற்றுக்கு எங்கள் சங்கத்துக்குள் எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

அப்படித் தேடியபோதுதான் அமெரிக்காவின் விதிகள் கண்ணில் பட்டன. அந்த நாட்டுச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இந்த விடயத்தை அவர்கள் அளவுக்கு விரிவாக எழுதிவைத்ததை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. 1957இல் செனற் சபையின் மெக்லெலன் குழு தொடங்கிய விசாரணைகளில் சில சங்கத் தலைவர்கள் சங்கப் பணத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பது வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 1959இல் லான்ட்ரம்-கிரிஃபின் சட்டம் வந்தது. அதன் 401ஆம் பிரிவின் (ஜி) உட்பிரிவு, சங்கத்துக்குச் சந்தாவாக வந்த பணமும் தொழில்தருநரின் பணமும் எந்த வேட்பாளரின் வெற்றிக்கும் செலவாகக் கூடாது என்கிறது. தேர்தல் அறிவித்தல், வேட்பாளரைச் சாராத விபரங்கள், தேர்தலை நடத்தும் செலவு ஆகியவற்றுக்குச் சங்கப் பணத்தை எடுக்கலாம். நான் அச்சகத்தோடு பேசியதெல்லாம் இந்தக் கோட்டைச் சுற்றித்தான்.

பதவியில் இருப்பவர்கள் பிரசாரமே செய்யக்கூடாது என்று எங்கள் கூட்டத்தில் ஓர் இளைஞர் ஆவேசமாகப் பேசினார். அமெரிக்க விதி அப்படிச் சொல்லவில்லை. நானும் அதை ஏற்கவில்லை. தலைவரும் ஓர் உறுப்பினர்தான். தன் பெயருக்கோ தான் விரும்பும் வேறொருவருக்கோ வாக்குக் கேட்கும் உரிமை, யாப்பு தடுத்தாலொழிய, அவருக்கும் உண்டு. சங்கம் சம்பளம் கொடுக்கும் நேரத்தில் கேட்கக்கூடாது. சங்கத்தின் கட்டடம், கருவி, கடிதத்தாள் ஆகியவற்றை அதற்குப் பயன்படுத்தக்கூடாது. சங்க வேலையாகப் போன இடத்தில் இயல்பாக வரும் பேச்சைக் குற்றமாகக் கொள்வதும் இல்லை. சாவகச்சேரியில் ஒருவரின் இடமாற்றப் பிரச்சினையைக் கேட்கப் போன செயலாளரிடம் "இந்தமுறையும் நிற்கிறீர்களா?" என்று யாராவது கேட்டால், அவர் "ஓம்" என்று சொல்லி இரண்டு வார்த்தை பேசுவதில் தவறில்லை. பையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரத்தோடு போய், இடமாற்றப் பிரச்சினையைச் சாட்டாக வைத்து மேசை மேசையாகக் கொடுத்தால் அது வேறு. இந்த வேறுபாட்டை வைத்து இரண்டு பக்கத்தில் ஒரு தேர்தல் ஒழுங்கு எழுதினேன். நிர்வாகசபை அதை ஏற்றுக்கொண்டது.

அதன் ஒரு பிரதியை அச்சக உரிமையாளரிடம் கொடுத்தேன். சங்கத்தின் பெயரில் வரும் எந்த வேலைக்கும் என் கையொப்பம் வேண்டும், மற்ற எல்லாம் கொண்டுவருபவரின் சொந்தப் பெயரில் என்று கடிதமும் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுதாக வாசித்தார். வாசித்து முடித்து, "தங்கச்சி, கடனுக்குத் தரலாமா, காசு கையில் வாங்க வேண்டுமா?" என்று கேட்டார். நான் அதைப் பற்றி எழுதியிருக்கவில்லை. ஆனால் அது சரியான கேள்வி. வேட்பாளருக்குக் கடனாக அடித்துக் கொடுத்து, தேர்தல் முடிந்தபின் சங்கக் கணக்கில் தீர்க்கும் வழி எல்லோருக்கும் தெரியும். வேட்பாளர்களுக்குக் கைக்காசு மட்டும் என்று முடிவுசெய்தோம். முகப்பு மேசையில் இருக்கும் பிள்ளைக்கும் அப்போதே கூப்பிட்டுச் சொன்னார்.

சொன்னதைச் செய்தும் காட்டினார்கள். பதவியில் இருக்கும் செயலாளர் தன் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுபோயிருக்கிறார். மேலே சங்கத்தின் சின்னம், கீழே சங்கத்தின் தொலைபேசி இலக்கம். முகப்பில் இருந்த பிள்ளைக்கு இருபது வயதுக்குமேல் இராது. "ஐயா, இது சங்கத்தின் வேலையா, உங்களுடைய வேலையா? சங்கத்தினது என்றால் அக்காவின் கையொப்பம் வேண்டும். உங்களுடையது என்றால் சின்னத்தை எடுக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறாள். செயலாளர் ஊரில் மதிப்புள்ள மனிதர். அவர் குரலை உயர்த்தியும் அந்தப் பிள்ளை பின்வாங்கவில்லை. உரிமையாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் செயலாளரோடு பேசினேன். அவர் சின்னத்தையும் இலக்கத்தையும் எடுத்துவிட்டுத் தன் கைத்தொலைபேசி இலக்கத்தைப் போட்டு, தன் காசில் அடித்துக்கொண்டு போனார். பற்றுச்சீட்டில் அவர் பெயர், பிரதிகளின் தொகை, தாளின் அளவு எல்லாம் தெளிவாக இருக்கின்றன. 'எழுதுபொருள்' என்ற சொல் எங்கும் இல்லை. அந்தப் பிள்ளையை இங்கே பாராட்டாமல் விடமாட்டேன்.

அடுத்தது இன்னும் கடினமான சோதனை. பொருளாளர் பதவிக்கு நின்ற ஒருவர் இந்த உரிமையாளருக்கு உறவு. சொந்தக்காரர் விலைக்கு அடித்துத் தரும்படி கேட்டிருக்கிறார். இங்கே அப்படிக் கேட்பது வழமை; கொடுக்காவிட்டால் கலியாண வீட்டில் முகம் பார்க்க மாட்டார்கள். அமெரிக்க விதியில் தொழில்தருநர் என்பது உறுப்பினர்கள் வேலை செய்யும் நிறுவனம் மட்டும் அல்ல. சங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தொழில்தருநரும் அதில் அடங்குவார். ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் அச்சக முதலாளி ஒரு வேட்பாளருக்கு இலவசமாகவோ தனிச்சலுகையாகவோ அடித்துக் கொடுத்தால் அதுவும் தடைக்குள் வரும். எங்கள் ஒழுங்கிலும் இதைச் சேர்த்திருந்தேன். உரிமையாளர் ஒரு தாளில் ஏ5 அளவுக்கும் ஏ4 அளவுக்கும் விலையை எழுதி முகப்பு மேசையில் ஒட்டினார். எந்த வேட்பாளர் வந்தாலும் அதே விலை. உறவினரும் அதையே கொடுத்தார். பின்னர் என்னிடம் பற்றுச்சீட்டுகளை ஒப்படைத்தபோது எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரு ரூபாயும் கூடக் குறைய இல்லை.

அச்சகத்துக்கு இவ்வளவு பொறுப்பு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். உண்டு என்பதே என் உறுதியான எண்ணம். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் 1969இல் ரோனி போய்ல் என்ற தலைவரை எதிர்த்து ஜோசப் யப்லொன்ஸ்கி நின்றார். சங்கத்தின் சஞ்சிகை அச்சில் போய்லின் பிரசார ஏடாகவே வெளிவந்தது. தேர்தல் முடிந்து சில வாரங்களில், அந்த ஆண்டின் கடைசி நாளில், யப்லொன்ஸ்கியும் மனைவியும் மகளும் வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள்; அந்தக் கொலைக்காகப் போய்ல் பிற்காலத்தில் தண்டிக்கப்பட்டார். 1972இல் நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாதென்றது. மறுதேர்தலில் ஆர்னல்ட் மில்லர் வென்றார். அங்குள்ள ரீம்ஸ்ரேர்ஸ் என்ற லொறிச் சாரதிகள் சங்கத்தின் 1996ஆம் ஆண்டுத் தேர்தலும், சங்கப் பணம் சுற்றுவழியில் பிரசாரத்துக்குப் போனதால் செல்லுபடியற்றதானது. எங்கள் சின்னச் சங்கத்தை அவற்றோடு ஒப்பிடவில்லை. சங்கத்தின் அச்சும் சங்கத்தின் பணமும் ஒரு பக்கத்துக்குப் போனால் எதிரில் நிற்பவருக்கு என்ன மிஞ்சும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி வேலையின் தரம். வாக்குச்சீட்டில் இவர்கள் காட்டிய கவனம் எனக்கு மிகவும் பிடித்தது. நான் கேட்டது வழமையான 80 கிராம் தாள். உரிமையாளர் மாதிரி ஒன்றில் புள்ளடி போட்டு, இரண்டாக மடித்து, ரியூப் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். பேனை மை மறுபக்கம் நன்றாகவே தெரிந்தது. அதே புள்ளடியை 100 கிராம் தாளில் போட்டு மடித்தார், தெரியவில்லை. விலை சற்றுக் கூடினாலும் அதையே எடுத்தோம். தலைவர் பதவிக்கு வெள்ளை, செயலாளருக்கு இளஞ்சிவப்பு, பொருளாளருக்கு மஞ்சள். இளஞ்சிவப்பு சற்று அடர்த்தியாகிவிட்டது, எழுத்தை வாசிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. வயதான உறுப்பினர்கள் இருக்கும் சங்கங்கள் அந்த நிறத்தைத் தவிர்ப்பது நல்லது.

வரிசை இலக்கத்தை அடிக்கட்டையில் மட்டும் அடிக்கச் சொன்னேன். வாக்குச்சீட்டிலும் இலக்கம் இருந்தால், யாருக்கு எந்த இலக்கம் கொடுத்தோம் என்று வைத்து யார் யாருக்குப் போட்டார் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் மாதிரியில் இரண்டிலும் இலக்கம் இருந்தது. திருத்தச் சொன்னவுடன் மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். துளைக்கோடு சுத்தமாக இருந்தது. கிழிக்கும்போது ஒரு சீட்டும் குறுக்கே போகவில்லை. பெயர்கள் அகரவரிசையில், எல்லாம் ஒரே அளவு எழுத்தில். பதவியில் இருப்பவரின் பெயருக்கு முன்னால் பதவிப்பெயர் போடக்கூடாது என்பதையும் கவனித்திருந்தார்கள். ஒரு வேட்பாளரின் பெயரின் முதலெழுத்து மட்டும் மெய்ப்பில் தவறாக வந்தது. மெய்ப்பை வேட்பாளர்களையும் கூப்பிட்டுக் காட்டியதால் அது அங்கேயே திருந்தியது. கட்டுகளை ஒப்படைக்கும்போது எண்ணி, கழிவான தாள்களையும் தனி உறையில் போட்டு, அவை எத்தனை என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார்கள். அந்த உறையை நான் கேட்கவே இல்லை. தாங்களாகவே தந்தார்கள்.

குறைகளும் உண்டு. பெரிய குறை விநியோகம். வாக்குச்சீட்டுக் கட்டுகளைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்த தம்பி, அதே ஓட்டோவில் தலைவர் வேட்பாளர் ஒருவரின் துண்டுப்பிரசுரக் கட்டையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார். "எல்லாம் சங்கம் என்றுதான் எழுதியிருக்கிறது அக்கா" என்றார். விநியோகச் சீட்டைப் பார்த்தேன். உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தது. ஒரு வேட்பாளரின் பிரசாரத் தாள் சங்க அலுவலக அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு மணிநேரம் கிடந்தாலும், பார்க்கும் உறுப்பினர் என்ன நினைப்பார்? கட்டைத் திரும்ப ஏற்றி, வேட்பாளரின் வீட்டு முகவரிக்கு அனுப்பச் செய்தேன். சங்கக் கணக்கில் போட்டிருந்த ஓட்டோச் செலவையும் இரண்டாகப் பிரித்தார்கள். பற்றுச்சீட்டில் இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் விநியோகச் சீட்டில் கோட்டைவிட்டது எனக்கு வருத்தம். அதற்காகவே ஐந்தில் நான்கு கொடுக்கிறேன்.

அரைநாள் தாமதமும் ஆனது. ஒரு வீட்டின் 31ஆம் நாள் நினைவு மலர் குறுக்கே வந்துவிட்டது. எங்கள் ஊரில் அதை எந்த அச்சகமும் பின்னுக்குத் தள்ளாது, தள்ளவும் கூடாது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் பருத்தித்துறையில் இருந்து வந்த உறுப்பினரைக் காத்திருக்க வைத்திருக்க மாட்டேன். அட்டை மூலம் பணம் செலுத்தவும் வசதி இல்லை. சங்கங்கள் காசோலையைக் கொண்டுபோங்கள், வாங்குகிறார்கள்.

விலை எங்கள் நிர்வாகசபை பெற்ற மூன்று விலைமனுக்களில் நடுவில் இருந்தது. தொகையை இங்கே எழுதவில்லை. தாளின் விலை நிற்காமல் மாறுகிறது, இன்று எழுதினால் நாளை வாசிப்பவர் அச்சகத்தாரோடு சண்டைக்குப் போவார். நேரில் கேளுங்கள், எழுத்தில் தருகிறார்கள்.

தேர்தல் முடிந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அமெரிக்கச் சட்டத்தில் வாக்குச்சீட்டுகளையும் தேர்தல் பதிவேடுகளையும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தோற்றவர் முறையிட்டால் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் காலத்தையே எங்கள் ஒழுங்கிலும் எழுதினேன். அச்சகத்தாரிடம் அவர்களின் வேலைப் பதிவு அட்டைகளையும் ஓராண்டு வைத்திருக்கும்படி கேட்டேன். சரி என்று ஒரு உறையில் போட்டுச் சங்கத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதினார்கள். தோற்ற வேட்பாளர் ஒருவர் தானே நேரில் போய், வென்றவரின் துண்டுப்பிரசுரம் எத்தனை, யார் காசு என்று கேட்டிருக்கிறார். என் கடிதத்தோடு வரச் சொன்னார்கள். நான் கடிதம் கொடுத்தேன். அட்டைகளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் பார்த்துவிட்டு, முறைப்பாடு கொடுக்கப்போவதில்லை என்று என்னிடம் வந்து சொன்னார். தோற்றவர் திருப்தியோடு போன ஒரு தேர்தலை எங்கள் சங்கத்தில் நான் கண்டது இதுதான் முதல்முறை. அந்த நிம்மதியில் இந்த அச்சகத்துக்கு நல்ல பங்கு உண்டு.

மற்றச் சங்கங்களுக்கு: நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் தை மாதக் கலியாணங்களுக்கு முந்திய வாரங்களிலும் இங்கே கொடுக்க வேண்டாம், இயந்திரத்துக்கு ஓய்வே இருக்காது. மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள். யார் கையொப்பத்துக்குச் சங்கக் கணக்கு என்பதைக் கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். விநியோகச் சீட்டில் பெற்றுக்கொள்பவரின் பெயரையும் முகவரியையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள்.